எஸ்சீட்: வாரிசு இருந்தும் வாரிசில்லாச் சொத்து

ஆங்கிலத்தில் ‘எஸ்சீட்’ என்றொரு சொல் இருக்கிறது. பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டும் எனக்கே இது கண்ணில் படுவது எப்போதாவதுதான். பி.காம். படித்தபோது எந்த வாத்தியாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும், ஊரை விட்டு வந்து வேறு மாநிலத்தில் குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சட்டச் சொற்கள் என்று பத்தை எடுத்தால், அதில் இதற்கு ஓர் இடம் கட்டாயம் கொடுப்பேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அர்த்தம் சுலபம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். சட்டப்படி வாரிசு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒருவருமே இல்லை. அப்போது அவருடைய சொத்து அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும். அப்படிச் சேருவதற்குப் பெயர்தான் எஸ்சீட். தமிழில் ‘வாரிசில்லாச் சொத்து அரசுக்குச் சேர்தல்’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘வெளியே விழுவது’ என்ற பொருளில் புறப்பட்டு, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே அந்தக் காலத்தில் நிலமெல்லாம் மேலே இருக்கும் பிரபுவுக்கோ ராஜாவுக்கோ உரியது. கீழே இருப்பவர் அனுபவிப்பவர் மட்டுமே. அனுபவிப்பவரின் வம்சம் அற்றுப்போனால் நிலம் கைநழுவித் திரும்ப மேலே இருப்பவர் மடியில் விழும். இதைக் கண்காணிக்க மாவட்டத்துக்கு மாவட்டம் ‘எஸ்சீட்டர்’ என்று அதிகாரிகள் இருந்தார்கள். வாரிசு இருக்கிற சொத்தையும் இல்லை என்று எழுதி அமுக்குவதில் அவர்கள் பெயர் நாறியது. அந்த எஸ்சீட்டிலிருந்து தலையை வெட்டி எடுத்த சொல்தான் ‘சீட்’. நாம் தினமும் ‘சீட்டிங் கேஸ்’, ‘சீட்டிங் பேர்வழி’ என்கிறோமே, அதே சீட்தான். (ஏலச்சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சில ஏலச்சீட்டுகளைப் பார்த்தால் சந்தேகம் வரலாம், அது வேறு விஷயம் :-))

அரசாங்கம் வாரிசாக வரும்போது மக்களுக்கு அடிவயிற்றில் ஒரு பயம் வருவது அப்போதிருந்தே இருக்கிறது. நம் தேசத்திலும் அது பழைய கதைதான். காளிதாசனின் சாகுந்தலத்தில் ஒரு காட்சி. கடல் வணிகன் ஒருவன் கப்பல் உடைந்து இறந்துபோகிறான், குழந்தை இல்லை, ஆகவே சொத்து ராஜாவுக்கு என்று மந்திரி ஓலை அனுப்புகிறார். துஷ்யந்தன் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. அவனுக்கு மனைவிகள் பலர் இருப்பார்களே, யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள் என்கிறான். விசாரித்தால் ஒருத்தி கர்ப்பம். சொத்து அந்தக் குழந்தைக்கு. எடுத்துக்கொள்வதற்கு முன்னால் தேடு என்பதுதான் அதில் இருக்கும் நியாயம். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கம்பெனிக்காரர்கள் துஷ்யந்தன் அல்ல. டல்ஹௌசி காலத்தில் ஆண் வாரிசு இல்லாத சமஸ்தானங்களை ‘லாப்ஸ்’ என்று சொல்லி வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். 1848-ல் சதாரா, 1854-ல் ஜான்சி, அதே வருஷம் நான் இப்போது உட்கார்ந்து எழுதும் இந்த நாக்பூர். 1855-ல் நம் தஞ்சாவூர். மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும், அரண்மனையும் அதிலிருந்த உடைமைகளும் கம்பெனி கைக்குப் போயின. ராஜாவின் மனைவி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் நடவடிக்கை, கோர்ட் இதில் தலையிட முடியாது என்று கைவிரித்துவிட்டது. சட்ட நுணுக்கத்தில் லாப்ஸ் வேறு, எஸ்சீட் வேறு. ஆனால் மனைவி உயிரோடு கண்ணெதிரே நிற்கும்போதே வாரிசில்லை என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இதிலிருந்து புரியும்.

சரி, பழங்கதை போதும். இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சட்டத்தின் 296-வது பிரிவு, வாரிசில்லாச் சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அரசுக்கும், மற்றவை மத்திய அரசுக்கும் சேரும் என்கிறது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, சட்டப்படி தகுதியுள்ள வாரிசு ஒருவரும் இல்லையென்றால் சொத்து அரசுக்குப் போகும் என்கிறது. கூடவே, ஒரு வாரிசுக்கு இருக்கும் எல்லாக் கடன்களையும் கடமைகளையும் அரசும் சுமக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ‘ஒருவரும் இல்லை’ என்பது. ஓர் இந்து ஆண் உயில் இல்லாமல் இறந்தால் முதலில் மனைவி, மக்கள், அம்மா. அவர்கள் இல்லையென்றால் அப்பா, பிறகு அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று ஒரு பட்டியல். அதுவும் இல்லையென்றால் தந்தை வழிப் பங்காளிகள், எவ்வளவு தூரத்து உறவானாலும் சரி. அதற்கும் அப்பால் பெண் வழி உறவுகள். இவ்வளவு பேரையும் தாண்டித்தான் அரசாங்கம் வரிசையில் நிற்கிறது. நம் குடும்பங்களில் இத்தனை பேரும் இல்லாமல் போவது நடக்கிற காரியமா? ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள், ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழேயே பாதிப் பேர் இருப்பார்கள்.

நிரூபிக்க வேண்டிய பாரமும் அரசாங்கத்தின் மீதுதான். பீகாரின் பெத்தியா சமஸ்தான வழக்கில் 1983-ல் சுப்ரீம் கோர்ட், வாரிசே இல்லை என்று காட்டும் பெரும் பொறுப்பு எஸ்சீட் கேட்கும் அரசுக்கே உரியது என்று சொல்லிவிட்டது. சமீபத்திய உதாரணம் ராஜஸ்தானின் கேத்ரி. விவேகானந்தருக்குத் துணை நின்ற அஜித் சிங் ராஜாவின் சமஸ்தானம் அது. அந்த வம்சத்தின் சர்தார் சிங் 1987-ல் பிள்ளை இல்லாமல் காலமானார். சொத்தை ஒரு டிரஸ்டுக்கு 1985-லேயே உயில் எழுதி வைத்திருந்தார். மாநில அரசு தன் 1956-ம் வருஷத்து எஸ்சீட் சட்டத்தைக் காட்டிச் சொத்துகளைக் கையில் எடுத்தது. 2023-ல் டெல்லி ஹைகோர்ட் உயில் செல்லும் என்றது. உயில் இருக்கும்போது அதை எதிர்க்க மாநிலத்துக்கு உரிமையில்லை என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட் முடித்து வைத்தது. ராஜா இறந்து 38 வருஷம் கழித்து.

ஆக, எஸ்சீட் என்பது ஏட்டில் உள்ள சட்டம், நமக்கு நடக்காது. அப்படியானால் இவ்வளவு நீட்டி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். விஷயமே இனிமேல்தான்.

என் கவுன்ட்டருக்கு வந்த ஒரு தமிழ் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். நாக்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆனவர். அவருடைய அப்பா டெல்டா பக்கத்து ஊர்க் கிளை ஒன்றில் ஃபிக்சட் டெபாசிட் போட்டு வைத்திருந்தார். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. “பத்து வருஷம் ஆயிட்டா கவர்மென்ட் எடுத்துக்குமாம் சார், தம்பி சொன்னான். அதனால ரசீதைத் தூக்கிப் போட்டுட்டோம்” என்றார். “இல்லம்மா, யாரும் எடுத்துக்கலை. உங்க பணம் உங்களுக்குத்தான்” என்றதும் அவர் நம்பவில்லை. தேடி, எழுதிப் போட்டு, தம்பியிடம் கையெழுத்து வாங்கி, நாலு மாசத்தில் பணம் வந்தது. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. பேத்தி காலேஜ் ஃபீஸுக்கு ஒரு வருஷத்துக்கு ஆயிற்று.

அந்தத் தம்பி சொன்னதை நான் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நடப்பது இதுதான். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு ‘இன்ஆபரேட்டிவ்’ ஆகும். பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட்டை ரிசர்வ் வங்கி நடத்தும் டி.இ.ஏ. ஃபண்ட் என்ற நிதிக்கு அனுப்பிவிட வேண்டும். இது 2014-ல் வந்த ஏற்பாடு. அனுப்புவதால் உரிமை சாகாது. பதினோராவது வருஷமோ முப்பதாவது வருஷமோ, வாடிக்கையாளரோ வாரிசோ அதே வங்கியில் போய்க் கேட்டால் வங்கி கொடுத்துவிட்டு, ஃபண்டிலிருந்து அதை வாங்கிக்கொள்ளும். வட்டி உள்ள கணக்கென்றால் ஃபண்டில் இருக்கும் காலத்துக்கு 2021 மே மாதத்திலிருந்து 3 சதவீதம் தனி வட்டியும் உண்டு. சுருக்கமாக, இது எஸ்சீட் அல்ல. பணம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 2024 மார்ச் இறுதியில் அந்த ஃபண்டில் இருந்தது 78,213 கோடி ரூபாய். அதில் வாரிசே இல்லாதவர்களின் பணம் எவ்வளவு இருக்கும்? வாரிசு உண்டு, தகவல்தான் இல்லை என்பதே பெரும்பகுதி என்பது என் கணிப்பு.

இப்போது அசல் எஸ்சீட்டுக்கு வருகிறேன். அந்தச் சொல் நம் காலத்துச் சட்டம் ஒன்றில் நேரடியாகவே உட்கார்ந்திருக்கிறது. 2015-ம் வருஷத்து நிதிச் சட்டம். அதன் மூலம் ‘சீனியர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபண்ட்’ என்று ஒரு நிதி உண்டானது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பத்து வருஷத்துக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடக்கும் தொகை அதற்குப் போகிறது. பி.எஃப்., பி.பி.எஃப்., அஞ்சலகச் சிறுசேமிப்பு ஆகியவற்றில் கேட்பாரற்றுக் கிடப்பதற்கும் அதே வழிதான். போன பிறகும் 25 வருஷத்துக்குள் கேட்டு வாங்கலாம். அதற்குள் யாரும் கேட்கவில்லையென்றால் அந்தத் தொகை மத்திய அரசுக்கு எஸ்சீட் ஆகும் என்று சட்டம் எழுதியிருக்கிறது. முதலில் போய்ச் சேர்ந்த தொகைகளுக்கு அந்தக் கெடு 2040-களில் வரும்.

எனக்கு உடன்பாடில்லாதது இதில்தான். எஸ்சீட்டின் ஆதார நிபந்தனை வாரிசு இல்லாமை. இங்கேயோ யாரும் கேட்கவில்லை என்பதையே வாரிசு இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பெத்தியா வழக்கில் ‘நீதான் நிரூபிக்க வேண்டும்’ என்று அரசுக்குச் சொன்ன பாரம், இங்கே ஒரு காலண்டரைத் தொங்கவிட்டதும் வாரிசின் தலைக்கு மாறிவிடுகிறது. பாலிசி இருந்ததே தெரியாத பிள்ளை எப்படிக் கேட்பான்?

“25 வருஷம் போதாதா? பணம் முதியோர் நலனுக்குத்தானே போகிறது?” என்று என் சக அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கை என்றைக்காவது முடிக்க வேண்டும் என்பதும் உண்மை. நானும் வங்கிக்காரன், முடியாத கணக்கைப் பார்த்தால் எனக்கும் கை அரிக்கும். ஆனால் பான், ஆதார், மொபைல் நம்பர் எல்லாம் இணைக்கச் சொல்லி நம்மை வரிசையில் நிறுத்திய அரசு, அதே விவரத்தை வைத்து வாரிசைத் தேடவும் கடமைப்பட்டது. தேடினேன், நோட்டீஸ் கொடுத்தேன், நாமினியைக் கேட்டேன், ஒருவரும் இல்லை என்று கணக்குக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளட்டும், ஆட்சேபணையில்லை. தேடாமல் எடுப்பது துஷ்யந்தன் முறை அல்ல, எஸ்சீட்டர் முறை. அதிலிருந்து எந்தச் சொல் பிறந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

தேடும் வேலை சுத்தமாக நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. பெயரோடு பான் நம்பரோ பிறந்த தேதியோ கொடுத்தால், பல வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டை ஒரே இடத்தில் தேடலாம். இன்ஷூரன்ஸுக்கு பீமா பரோசா, மியூச்சுவல் ஃபண்டுக்கு மித்ரா, பழைய பங்குகளுக்கு ஐ.இ.பி.எஃப். என்று தனித்தனியாக இருக்கின்றன. இத்தனையும் ஒரே ஜன்னலாக வேண்டும் என்பது என் ஆசை. 2025 அக்டோபரில் மத்திய அரசு இதற்கென்று நாடு தழுவிய முகாமும் தொடங்கியது. நல்ல ஆரம்பம்தான்.

ஆனால் நம் ஆட்களுக்கு உத்கம்மில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெயர்! ஊர்க் கிளையில் 1988-ல் தொடங்கிய கணக்கு ‘எஸ். ராமசாமி’. இங்கே ஆதாரில் ‘ராமசாமி சுப்பிரமணியன்’. பான் கார்டில் ‘சுப்பிரமணியன் ராமசாமி’. மகன் பள்ளியில் சேரும்போது மராட்டி முறைப்படி நடுவில் அப்பா பெயர், கடைசியில் ஊர்ப் பெயரோ தாத்தா பெயரோ. மூன்றும் ஒரே குடும்பம் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தேடும்போது இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், விரித்து, முன்பின் மாற்றி என்று எல்லா விதத்திலும் போட்டுப் பாருங்கள்.

அடுத்த சிக்கல் சான்றிதழ். தமிழ்நாட்டில் தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் கொடுப்பார். மகாராஷ்டிராவில் அதற்குக் கோர்ட் படி ஏற வேண்டும். இங்கே இறந்தவருக்கு அங்கே கணக்கு இருந்தால் இரண்டு பக்கமும் அலைச்சல். இதற்குக் கொஞ்சம் நிவாரணம் வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, நாமினி இல்லாத கணக்காக இருந்தாலும், தகராறு எதுவும் இல்லையென்றால், 15 லட்சம் ரூபாய் வரை கோர்ட் சான்றிதழ் கேட்காமல் எளிய முறையில் தீர்க்க வேண்டும். கூட்டுறவு வங்கிக்கு 5 லட்சம். காகிதங்கள் எல்லாம் சேர்ந்த 15 நாளில் முடிக்க வேண்டும். வங்கி தாமதித்தால் ஈடு தர வேண்டும். யாராவது இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். அதேபோல, தூங்கிப்போன உங்கள் சொந்தக் கணக்கை எழுப்ப ஊருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. அந்த வங்கியின் எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. கொடுக்கலாம். கட்டணமும் கிடையாது.

நாமினி பற்றியும் ஒரு வார்த்தை. நாமினி வேறு, வாரிசு வேறு. நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் கை மட்டுமே. உரிமை வாரிசுகளுக்கு. டெபாசிட் விஷயத்தில் 2010-லும், பங்குகள் விஷயத்தில் 2023-லும் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. (ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே.) ஆனாலும் நாமினி போடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை போடலாம். நாமினி இருந்தால் ‘எங்கப்பா கணக்கு இருக்கா’ என்று கேட்க ஒரு ஆளாவது இருப்பார்.

வேலைக்குப் போகும் பெண்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். பிள்ளைகளும் கணவரும் இல்லாத ஓர் இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் போவது கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற அப்பா அம்மாவுக்குப் பிறகுதான். கணவர் இறந்ததும் புகுந்த வீட்டாரால் துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்து படித்துச் சம்பாதித்த ஒரு பெண்ணின் சேமிப்பை அந்தப் புகுந்த வீட்டு வழிக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் தீர்ப்பளித்தது. சட்டம் மாறும் வரை இதற்கு ஒரே மருந்து உயில். வெள்ளைத்தாளில் எழுதலாம், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட வேண்டும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். எந்த வங்கி, எந்த ஊர்க் கிளை, எந்தப் பெயரில் கணக்கு, பாலிசி நம்பர், பழைய கம்பெனி பி.எஃப். நம்பர், நாமினி யார் என்று எழுதுங்கள். பாஸ்வேர்டு வேண்டாம். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவிடமும் பக்கத்தில் உட்கார்ந்து இதே மாதிரி ஒன்று எழுதி வாங்குங்கள். “இதென்ன அபசகுனம்” என்பார்கள். பொறுமையாகக் கேட்டால் பீரோவுக்கு அடியிலிருந்து இரண்டு பாஸ்புக் எடுத்துக் கொடுப்பார்கள், பாருங்கள்.